வினைமுற்று

அம்பாசமுத்திரத்தில்
பழைய சார்பதிவாளர் கட்டடத்துக்கு வெள்ளையடித்து
உரிமை வரலாற்றுக் காட்சியகம் என்று
பெயர் எழுதிவிட்டார்கள்.
எழுதிய ஏணியை இன்னும் யாரும் எடுக்கவில்லை.
எனக்கு வேலை, பொருள்களுக்குக் கீழே
மூன்று வரி எழுதுவது.
நாலாவது வரிக்கு அட்டையில் இடமில்லை.

முதலில் வந்தது சைக்கிள்.
கொண்டுவந்தவர் உச்சிமாகாளி.
"டயர் தேயவே இல்ல, பாத்தியளா?
தெருமுனையில தோள்ல ஏத்துவேன்,
வாய்க்கால் தாண்டி இறக்குவேன்.
உருட்டுனா சத்தம் கேக்குன்னு
அதுக்கும் அடி."
சட்டையை விலக்கி வலது தோளைக் காட்டினார்,
தண்டு பதிந்த பள்ளம்.
அதை வாங்கி வைக்க எங்களிடம் பெட்டி இல்லை.

அடுத்தது பாய்.
பத்தமடைப் பாய், பட்டு போல மடங்கும்.
பஞ்சாயத்துத் தலைவி முப்பிடாதிக்கு
ஐந்து வருஷமும் அதைத்தான் விரித்தார்கள்.
"வெறுந்தரையில உக்கார வச்சாகன்னு எழுதிராதிய.
நல்ல பாய்தான்.
நாற்காலி எட்டு கெடந்துச்சு,
ஆளு ஏழு பேரு."

நான் 'செல்கிறார்கள்' என்று எழுதியிருந்தேன்.
'உட்கார வைக்கிறார்கள்' என்று எழுதியிருந்தேன்.
ஆலோசனைக் குழுவிலிருந்து
சிவப்பு மையில் திரும்பி வந்தது.
சென்றார். வைத்தனர். இருந்தது.
'மியூசியம் அல்லவா, காலத்தைக் கவனிக்கவும்.'

அன்று சாயங்காலம் வீடு பார்க்கப் போனேன்.
"மியூசியத்துல வேலையா? ரொம்ப நல்ல காரியம்.
சொந்த ஊரு?"
கங்கைகொண்டான் பக்கம்.
"பக்கம்னா?"
சொன்னேன்.
"ஊருக்குள்ளயா, தள்ளியா?"
காப்பி வந்தது, நல்ல காப்பி.
அதற்குள் அவர் மகன்
துபாயிலிருந்து திரும்பி வர முடிவெடுத்துவிட்டான்.
வீடு அவனுக்கு வேண்டுமாம்.

ஒன்பதாம் நம்பர் லாட்ஜ் அறையில்
வாளியைக் கவிழ்த்து மேஜையாக்கி
எல்லா வரிகளையும்
இறந்தகாலத்துக்கு மாற்றினேன்.

திறப்பு விழா முடிந்த வியாழக்கிழமை
எட்டாம் வகுப்புப் பையன்கள் வந்தார்கள்.
பைகளை வெளியே வைக்கவும் என்று எழுதியிருந்தது,
வைத்தார்கள்.
எண்ணுவதற்காக வாத்தியார் கையைத் தூக்கச் சொன்னார்.
ஐம்பத்திரண்டு கைகள்.
மணிக்கட்டில் கயிறுகள், நாலு நிறம்.
வாத்தியார் கைகளை மட்டும் எண்ணினார்.

சைக்கிள் முன்னால் நின்றார்கள்
கயிறு கயிறாக.
ஒருத்தன் தடுப்புக்கு மேலே எக்கிப் பெல்லை அடித்தான்.
என்ன சத்தம் அது!
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
நாற்பது வருஷம் அடிக்காத பெல்
துருவே பிடிக்கவில்லை.

"ஏலே, இது எங்க தெருலே!"
சுவரில் போட்டோவைக் காட்டினான் ஒரு பையன்.
"அந்தா எங்க மாமா கடை."
பெருமையாகத்தான் சொன்னான்.
என்ன எழுதியிருக்கிறது என்று
கீழே குனிந்து பார்க்கவில்லை.

சட்டைக் கையை முட்டிவரை இழுத்துவிட்டு
பின்னால் நின்ற ஒருவன் குனிந்து படித்தான்.
மூன்று வரியையும் விரல் வைத்துப் படித்தான்.
"இப்ப போலாம்க்கா," என்றான்,
நான் எதுவும் கேட்கவில்லை,
"ஆறு மணிக்கு முந்தி போலாம்.
பெல் மட்டும் அடிக்கக் கூடாது."
பிறகு வரிசையில் ஓடிச் சேர்ந்துகொண்டான்.

சனிக்கிழமை இரவு விளக்கணைக்கும் முன்
ஒட்டெழுத்தில் கடைசிச் சொல்லை
நகத்தால் நிமிண்டினேன்.
ஒவ்வொன்றாக வந்தது.
புள்ளிகூட நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டது.

காவலர் தவசிக்கனி டார்ச் அடித்துப் பார்த்தார்.
"எழுத்து உதிர்ந்து கெடக்கே பிள்ள, ஒட்டணுமா?"
இருக்கட்டும் அண்ணாச்சி என்றேன்.

இப்போது வருகிறவர்கள்
'தெருவைக் கடக்கும்வரை தோளில் தூக்கிக்கொண்டு'
என்பது வரை படிக்கிறார்கள்.
அட்டைக்குப் பின்னால் இருக்குமோ என்று
சிலர் எட்டிப் பார்க்கிறார்கள்.